மழை மாதத்து ஜீவனாம்சம்

ஒரு தகப்பன் தன் மக்களுக்கு எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்னும் கேள்வி நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்குள்ள வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி என்ற தாய முறை நிலவிய காலத்தில், ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் பாடுபட்டுக் காத்த சொத்து அவன் கண்ணை மூடியதும் சகோதரியின் மக்களைச் சேர, அவன் பெற்ற பிள்ளைகளோ 'உகந்துடைமை' என்று ஒதுக்கப்படும் ஒரு சிறு பங்குக்காகக் குடும்பத் தலைவரான காரணவரின் வாசலிலும் கோர்ட்டு வாசலிலும் மாறி மாறி நிற்க வேண்டியிருந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த அநியாயத்தைக் கண்டு மனம் நொந்து, ஒரு காரணவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் வாய்மொழியாக 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலைப் பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து, மனைவி மக்களின் உரிமையை ஏற்றுக்கொண்டது.

அன்றைய வழக்கு, நிலமும் நெல்லும் உள்ள தகப்பனைப் பற்றியது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பதை ஒரு தொண்டாகச் செய்து வரும் என் முன்னே இன்று வந்து நிற்பதோ, நிலமும் இல்லாமல், மாதச் சம்பளமும் இல்லாமல், வானத்தையும் கடலையும் மேஸ்திரியின் தயவையும் நம்பிப் பிழைக்கும் தகப்பனைப் பற்றிய வழக்கு. நீதிமன்றம் மாதந்தோறும் இவ்வளவு என்று விதிக்கிறது. அவனுக்கோ மாதம் என்ற ஒரு கணக்கே கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை தினந்தோறும் சாப்பிட்டாக வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கடத்தில் நியாயம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் கொஞ்ச காலமாக என் சிந்தனை சுற்றிச் சுற்றி வருகிறது.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். சொந்தத் தோட்டம் இல்லாதவர். சிறு முதலாளிகளின் ரப்பர் மரங்களைக் கூலிக்குப் பால் வெட்டுகிறவர். நகக்கண்களில் உலர்ந்த பால் கறுத்துப் படிந்திருந்த விரல்களால், ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து கோர்ட்டுக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜைமேல் அடுக்கினார். பிரிந்து வாழும் மனைவியிடம் வளர்கிற மகளுக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. நிலுவை ஏறிக்கொண்டே போயிருந்தது. பிடிவாரண்டு வரும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள்.

"சாரே, குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல்ல. வெட்டு உண்டும்னா கூலி கிட்டும். மழ பெய்தா எனக்க அடுப்பே எரியாது. இத கோர்ட்டுல எப்பிடிச் சொல்லணும்னு தெரியல்ல. நீங்க ஒண்ணு எழுதித் தாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதை இந்தக் குமரி மாவட்டத்தில் வாழ்கிற எவரும் அறிவார். பால்வெட்டு என்பது விடிவதற்கு முன்பே, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் தொடங்கும் தொழில். இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும்போதுதான் பட்டையிலிருந்து பால் தாராளமாகச் சுரக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் பால், வெட்டிய தடத்தின் வழியே சிரட்டைக்கு இறங்காமல் மரத்தின் மேலெல்லாம் பரவி வீணாகும் என்பதால், அன்று வெட்டே கிடையாது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் ஒரு பருவமழையை நம்பியிருக்க, குமரிக்கோ ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குமாக இரண்டு மழைகள். வயல்காரனுக்கு வரமாக வாய்த்த இந்த இரட்டை மழையே பால்வெட்டுகிறவனுக்கு இரட்டைப் பட்டினியாகிறது. இவற்றுக்குப் பிறகு மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விட்டு முற்றும்வரை ஓய்வு கொடுக்க வேண்டிய நாட்கள் வேறு. மரத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மழையிலும் வெட்டலாம் என்பது உண்மைதான்; ஆனால் ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் சிறு முதலாளிகள் அந்தச் செலவுக்குத் துணிவதில்லை.

ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு மனு எழுதுவது எனக்கு வழக்கமில்லை. ஆகையால் அவருடைய சம்மதத்தின் பேரில் அந்த அம்மாளுக்கும் சொல்லியனுப்பினேன். அவர் முந்திரித் தொழிற்சாலையில், எங்கள் பக்கத்து மக்கள் சொல்லுகிறபடி சொன்னால் அண்டி ஆபீஸில், பருப்பின் மேல்தோலை உரிக்கும் வேலை செய்கிறவர். உரித்த எடைக்குத்தான் கூலி. மழையைப் பற்றியும் இலையுதிர்வைப் பற்றியும் நான் சொன்னவற்றை எல்லாம் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அவர் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது.

"மழ பெய்தா அவருக்கு வெட்டு இல்ல, செரி. ஆப்பிரிக்காவுலருந்து அண்டி வரல்லன்னா எனக்கும்தான் பணி இல்ல, சாரே. அதுக்காவ பிள்ளகிட்ட, இந்த மாசம் நீ பாதி தின்னாப் போதும்னு சொல்ல முடியுமா?"

ஜீவனாம்ச வழக்குகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிற உண்மை இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கூலிக்காரனுடைய வருமானம் நிலையற்றது என்று இரங்குகிறோம், இரங்க வேண்டியதும்தான். ஆனால் அநேகமாக அந்த வீட்டில் நிலையற்ற வருமானங்கள் இரண்டு இருந்தன. பிரிவுக்குப் பிறகு அவற்றில் ஒன்றுக்குத் தன் நிலையின்மையை எடுத்துச் சொல்லி, இந்த மாதம் என்னால் இயலவில்லை என்று கையை விரிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. மற்றொன்றுக்கு அந்தச் சந்தர்ப்பமே இல்லை; குழந்தை கூடவே இருப்பதால், கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, தான் சாப்பிடாமல் இருந்தோ அது உலை வைத்தே ஆக வேண்டும். தகப்பன் கொடுக்காத மாதத்துக்கு, தாய் கொடுத்துவிட்டாள் என்பதுதான் பொருள். அந்தக் கடனுக்கு எந்த நீதிமன்றத்திலும் கணக்குப் புத்தகம் இல்லை.

இனி, சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவாக இருந்து, 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 125-ஆம் பிரிவாகி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக வழங்கி வரும் இந்த விதி, போதிய வசதி இருந்தும் மனைவியையோ தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத குழந்தையையோ காக்கத் தவறுகிறவனை, மாதம் இவ்வளவு என்று கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம் என்கிறது. முறையாகப் பிறந்த குழந்தை, முறைக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தை என்ற பேதத்தை அது பார்ப்பதில்லை. தக்க காரணமின்றிக் கணவனைப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆனால் அந்த நிபந்தனை மனைவிக்கு மட்டுமே உரியது, குழந்தையைத் தொடாது. "அவளாகத்தானே போனாள்" என்ற வாதம் மகளின் சோற்றுக்கு எதிராக ஒருபோதும் செல்லாது. பிள்ளையைக் கண்ணில் காட்டினால் பணம், பணம் கொடுத்தால் பிள்ளையைக் காட்டுவேன் என்று இரு தரப்பாரும் பேரம் பேசுவதை நான் அடிக்கடி கேட்கிறேன்; இரண்டையும் முடிச்சுப் போடுவது குழந்தைக்கு இரண்டு முறை இழைக்கும் அநியாயம் என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

2001-ஆம் வருஷம் வரை இந்தப் பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் விதிக்க முடியாது என்று ஒரு வரம்பு இருந்தது. அது நீக்கப்பட்டது பெரிய நன்மை. ஆனால் வரம்பு போன பிறகும் 'மாத வீதம்' என்ற அளவுகோல் அப்படியே இருக்கிறது. அந்த மாதம் சம்பளக்காரனுடைய மாதம். கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில் சொன்னது. சம்பளச் சீட்டு உள்ளவனுக்கு அது நல்ல அளவுகோல். தை மாதத்தில் நாலு காசு பார்த்து, ஆனி மாதத்தில் ரேஷன் அரிசிக்குக் காத்திருப்பவனுக்கு எந்த மாதத்து 25 சதவீதத்தை எடுத்துக்கொள்வது?

நீதிமன்றங்கள் இந்தக் கேள்விக்குக் கண்டிருக்கும் விடை, உடல் வலு. உடல் வலுவுள்ள ஆண்மகன் உழைத்துச் சம்பாதிக்கக் கூடியவன் என்றே கொள்ள வேண்டும். தொழில் நசித்தது, வருமானம் இல்லை என்று சொல்லி அவன் தப்ப முடியாது. கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பது அவன் கடமை என்று 2022 செப்டம்பரில் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்தியது. தொழில் மூடிவிட்டது என்று சொன்ன அந்தக் கணவர், மகனுக்குக் கொடுக்க வேண்டிய 6,000 ரூபாயோடு மனைவிக்கும் 10,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. வழக்கு வந்ததும் வேலையை விட்டு நிற்பவர்களும், நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றி எழுதுகிறவர்களும், வெளிநாட்டுச் சம்பளத்தை வாயே திறக்காமல் மறைப்பவர்களும் கொஞ்சமா? அப்படிப்பட்டவர்களை அடக்கவே இந்தக் கோட்பாடு வளர்ந்தது. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் கடமை உண்டா இல்லையா என்ற கேள்விக்குச் சரியாக விடை சொல்லும் இந்தக் கோட்பாடு, எவ்வளவு என்ற கேள்விக்கு விடை சொல்லாது. எத்தனை வலுவுள்ள கையாலும் நனைந்த பட்டையில் பால் வெட்ட முடியாது.

எவ்வளவு என்பதை அறிவதற்காக உச்ச நீதிமன்றம் ஒரு சிறந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. 2020 நவம்பர் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கிறவரும் கொடுக்க வேண்டியவரும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்றும் அது விதித்தது. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தால், தீர்ப்புச் சொல்லும் அன்றே பெருந்தொகை நிலுவையாக நிற்கும் என்று கூலிக்காரர்கள் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள். அச்சம் இயல்பானது, ஆனால் அந்த வருஷங்களிலும் குழந்தை சாப்பிட்டுத்தானே வளர்ந்தது?

அந்தத் தீர்ப்பிலேயே ஒரு சலுகையும் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களும் தினக்கூலிகளும் இந்தப் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவன் பல பக்கப் படிவத்தை நிரப்பத் திணற வேண்டாமே என்ற கருணையால் வந்தது அது. ஆயினும் என் அபிப்பிராயத்தில், எவனுடைய வருமானத்தை வெளியிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாதோ, அவனுக்கே கணக்குச் சொல்லும் சந்தர்ப்பம் இதனால் நழுவிப்போகிறது. அவன் ஒன்றுமில்லை என்கிறான். மனைவி தரப்பு மாதம் முப்பதாயிரம் என்கிறது. நீதிபதி இரண்டுக்கும் நடுவில், தம் அனுபவத்தைக் கொண்டு ஒரு தொகையை மதிப்பிட வேண்டியவராகிறார். அந்தத் தொகை ஒருவேளை மிகுதியாகவும் இருக்கலாம், ஒருவேளை குறைவாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அது கணக்கிலிருந்து பிறந்ததன்று.

ஏழைத் தகப்பன் முதலாவதாகத் தன் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது ஒளிவுமறைவில்லாத கணக்கு என்று நான் நினைக்கிறேன். வறுமை, கொடுக்கும் தொகையைக் குறைக்கலாம். கணக்கை மறைக்கும் உரிமையை அது யாருக்கும் வழங்குவதில்லை. கணக்கைத் திறந்து வைத்துவிட்டு, என்னால் இவ்வளவுதான் முடியும் என்று ஒருவன் வாதாடினால் அந்த வாதம் குழந்தைக்கு விரோதமானதன்று. அது குழந்தையின் பங்கை நேர்மையாகப் பிரித்து வைக்கும் முயற்சியே. கணக்கை மூடிக்கொண்டு வாதாடுகிறவன், ஒரு ரூபாய் குறைக்கக் கேட்டாலும் அது அபகரிப்பாகிவிடுகிறது.

ஆகையால் நான் அந்தப் பால்வெட்டுகிறவருக்கு உடனே மனு எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, போன சித்திரையிலிருந்து மாதவாரியாக எந்தத் தோட்டத்தில், எத்தனை நாள் வெட்டு, என்ன கூலி என்பதை நினைவுக்கு வந்தமட்டும் எழுதி வரச் சொன்னேன். அவர் எழுதி வந்ததை, அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. பத்து வருஷம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, விடியலுக்கு முன் எழுந்து கட்டன் சாயா போட்டுக் கொடுத்தவருக்கு அந்தத் தொழிலின் ஒவ்வொரு மாதமும் மனப்பாடம். மழை மாதங்களை அவர் அப்படியே ஒப்புக்கொண்டார். ஐப்பசியில் கணவர் எழுதியிருந்ததைவிட இரண்டு நாள் குறைத்தே சொன்னார். ஆனால் நோட்டில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருந்தன. சிரட்டையிலும் வெட்டுத் தடத்திலும் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலைச் சேர்த்து விற்று வரும் காசு ஒன்று. இலையுதிர் காலத்தில் கேரளத்துக்குப் போய்க் கொத்தனாருக்குக் கையாளாக நிற்கும் கூலி மற்றொன்று. இரண்டையும் அவர் சொல்ல, நான் எழுதினேன். மறுமுறை வந்தபோது கணவர் அவற்றைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது உள்ளதுதான்" என்றார். எந்தக் குறுக்கு விசாரணையாலும் கிடைக்காத கணக்கு அந்த நோட்டில் இருந்தது.

உத்தரவு போட்ட பிறகு நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. முன்பு 127-ஆம் பிரிவு, இப்போது 146. இது தெரியாமல், அல்லது தெரிந்தும் கோர்ட்டுப் படி ஏற மனமில்லாமல், மௌனமாக இருந்துவிடுகிறவர்களே அநேகர். அந்த மௌனம் அவர்களை விழுங்கிவிடுகிறது. கொடுக்காத ஒவ்வொரு மாதமும் நிலுவையில் சேரும். தாய் ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால் வசூல் வாரண்டு பிறக்கும். போதிய காரணமின்றித் தவறியவனுக்கு ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சிறை என்பது வசூலிக்கும் வழியே தவிர, கடனைக் கழிக்கும் வழியன்று என்று குல்தீப் கௌர் வழக்கில் 1988-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உள்ளே இருந்த மாதத்தில் கூலியும் இல்லை. வெளியே வரும்போது அவன் வெட்டிய மரங்களை முதலாளி வேறொருவனுக்குக் கொடுத்திருப்பார்.

இந்தத் துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த மைக்கேல் டர்னர் என்பவர் தம் குழந்தைக்கு வாரம் 51 டாலர் 73 சென்ட் கொடுக்க வேண்டியிருந்தது. தவறித் தவறிப் பலமுறை சிறை கண்ட அவரை, 2008-இல் வக்கீல் இல்லாமலே விசாரித்து 12 மாதம் சிறையில் அடைத்தார்கள். அந்த உத்தரவுப் படிவத்தில், இவருக்குக் கொடுக்கச் சக்தி உண்டா இல்லையா என்று குறிக்க வேண்டிய இடம் நிரப்பப்படாமலே விடப்பட்டிருந்தது. 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்கில் அரசு வக்கீல் வைத்துத் தருவது எப்போதும் கட்டாயமில்லை என்று சொன்னாலும், சக்தியை விசாரிக்காமல் சிறையில் அடைத்தது முறையன்று என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. நம் சட்டத்திலும் 'போதிய காரணமின்றி' என்ற சொற்கள் இருக்கின்றன. அவை வெறும் அலங்காரமல்ல. வாரண்டு பிறப்பிப்பதற்கு முன், அந்த வெற்றிடத்தை நிரப்பும் கேள்வியை ஒரு முறையாவது கேட்பது நீதியின் கர்த்தவ்யம்.

சரி, தகப்பனிடம் உண்மையாகவே இல்லாத மாதத்தில் குழந்தை என்ன செய்யும்? சுவீடன் தேசம் 1937-இலேயே இதற்கு ஒரு வழி கண்டது: தகப்பனிடமிருந்து வர வேண்டியதை அரசே குழந்தைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். ஜெர்மனியில் 1980 முதல் இந்த ஏற்பாடு உண்டு. 2017-இல் 18 வயது வரை அதை நீட்டினார்கள். நமக்கு இது எட்டாத கனவு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விதிக்கப்படும் காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு இப்போது 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறதே நம் அரசு! சின்னமுட்டம் பக்கத்துக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல் பக்கத்து மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தொழில் இல்லாமல் இருப்பது அந்த மனிதனின் குற்றமன்று என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு பணம் கொடுக்கும்போது, அதே மனிதன் ஜீவனாம்ச வழக்கில் நிற்கையில் அந்த இரண்டு மாதங்கள் மட்டும் எப்படிக் கணக்கிலிருந்து மறைந்துபோகின்றன? அந்த நிவாரணத்தில் ஒரு பங்கு, பிரிந்து வாழும் தாயிடம் வளர்கிற பிள்ளைக்கு நேராகப் போய்ச் சேர ஒரு விதி செய்தால் அது யாருக்கும் அநியாயமாகாது.

நிலையற்ற வருமானத்தைப் பகிர்ந்துகொள்வது எங்கள் முன்னோருக்குத் தெரியாததன்று. கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக வருஷத்துக்கு இரண்டு அறுப்புக் கண்ட இந்த நாட்டில் கூலியும் கடனும் அறுப்பை ஒட்டியே தீர்க்கப்பட்டன. குடும்பத்தில் ஒருவருடைய ஜீவனத்துக்கென்று களத்திலேயே இத்தனை கோட்டை நெல் என்று அளந்துவிடுவதும் உண்டு. அளந்த நெல் பத்தாயத்தில் இருந்தது. அடுத்த அறுப்பு வரையில் அதுவே மாதந்தோறும் சோறாயிற்று. இதை நினைத்தபோது, பால்வெட்டுக் கூலியையும் வெட்டு உள்ள காலத்தில் மிகுதியாகவும் இல்லாத காலத்தில் குறைவாகவும் கொடுக்கும்படி எழுதினால் என்ன என்று முதலில் தோன்றியது. ஆனால் அதில் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. மிகுதியாக வந்ததைச் சிக்கனமாகப் பிடித்து வைத்து, குறைந்த மாதத்தை ஈடுகட்டும் பாரம் அப்போது முழுவதும் தாயின் தலையில் விழுகிறது. அவருக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் மிகுதியைக் கண்டதும் வாசலில் வந்து நிற்பார்கள். ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் பொறுப்பு, ஏற்றத்தைக் கையில் வாங்குகிறவனுக்கே உரியது.

ஆகவே நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு, இருவரும் ஒப்பும்படியான ஒரு கூட்டு மனுவை எழுத முற்பட்டேன். கணவர் மாதம் 3,000 ஆகக் குறைக்கக் கேட்டார்; ஒட்டுப்பாலும் கேரளக் கூலியும் சேர்ந்த பிறகு அது நியாயமில்லை என்பதை அவரே கண்டார். பேசிப் பேசி 3,500-இல் வந்து நின்றது. வெட்டு உள்ள ஆறு மாதமும் அவர் 5,000 கொடுப்பார். அதில் தாய் 3,500 எடுத்துக்கொள்ள, மீதி 1,500, தாயைக் காப்பாளராகக் கொண்டு மகளின் பெயரில் திறக்கும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் சேரும். வெட்டு இல்லாத ஆறு மாதமும் அவர் 2,000 கொடுக்க, குறையும் 1,500 அந்தக் கணக்கிலிருந்து வரும். ஆறு மாதத்தில் சேர்ந்த 9,000 அடுத்த ஆறு மாதத்தில் தீரும். குழந்தையின் வீட்டில் எந்த மாதமும் 3,500-க்குக் குறையாது. பழைய நிலுவையை வெட்டுள்ள மாதங்களில் தவணையாகக் கொடுத்துத் தீர்ப்பது. இதை ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில் இருக்கிறது. ஆனால் இருவர் கையெழுத்தோடும் கணக்கோடும் வருகிற மனுவை அவர் எளிதில் தள்ளமாட்டார் என்பது என் நம்பிக்கை.

ஜூன் மாதத்தில்தான் தகராறு திரும்பவும் மூண்டது. பள்ளிக்கூடம் திறப்பதும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஒரே மாதத்தில். அரசுப் பள்ளியில் புத்தகமும் சீருடையும் இலவசம் என்றாலும், குடை, செருப்பு, பை, வேன் கூலி என்று செலவு கைக்கு மேல் போகும் மாதம் அது; கணவருக்கோ வருஷத்திலேயே கை வறண்ட மாதம். ஜூனில் தனியாக 3,000 வேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதமாக நின்றார். மழையில் நான் எங்கே போவேன் என்று கணவர் நின்றார். ஜூன் மாதத்துச் செலவு ஜூனில்தான் தெரிய வேண்டும் என்பதில்லையே. வருஷம் தவறாமல் வருகிற செலவுதானே. பால் நன்றாக ஓடுகிற தை மாதத்திலேயே அந்த 3,000-ஐ அஞ்சலகத்தில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். சிறிது யோசித்து, ஒட்டுப்பால் விற்ற காசில் போடுவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

"வாய்ப்பேச்சா வேண்டாம் சாரே, ஒட்டுப்பால் காசுன்னே மனுவுல எழுதுங்க" என்றார் அந்த அம்மாள். அப்படியே எழுதினேன்.